எந்த ரப்பர் என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றிய பேச்சு பெரும்பாலும் மைலேஜிலேயே நின்றுவிடுகிறது. 2025 ஆகஸ்டில் மத்திய பெட்ரோலிய அமைச்சகம் தந்த விளக்கத்தில் அதைவிட முக்கியமான ஒரு வரி இருந்தது. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும், இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம், செலவு குறைவு, வழக்கமான சர்வீஸிலேயே முடித்துவிடலாம் என்றது அந்த வரி. எந்தெந்த ரப்பர் என்று பட்டியல் இல்லை. கார்பரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) வைத்த மாருதி 800, ஆம்னி வண்டிகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு வேண்டியது அந்தப் பட்டியல்தான்.

இரண்டு வண்டிக்கும் எஞ்சின் ஒன்றே, சுசூகியின் எஃப்8பி. 796 சிசி, மூன்று சிலிண்டர், இரும்பு பிளாக், அதன் மேல் மூடியாக அலுமினிய ஹெட், ஆறு வால்வு, சிலிண்டர்கள் எரியும் வரிசை (பயரிங் ஆர்டர்) 1-3-2. 800-இல் முன்னால் குறுக்காகவும் ஆம்னியில் முன்சீட்டுக்கு அடியிலும் உட்கார்ந்திருக்கிறது. ஆயிலை நேரத்துக்கு மாற்றி, சூடேற விடாமல் ஓட்டினால் இதன் கிராங்கும் பிஸ்டனும் எளிதில் தேய்வதில்லை. கெட்டுப்போவதெல்லாம் அதைச் சுற்றியுள்ளவை. அதனால்தான் ரப்பரை இவ்வளவு வற்புறுத்த வேண்டியிருக்கிறது.

முதலில் கிலோமீட்டர் கணக்கு. 15 ஆண்டு தாண்டிப் பதிவைப் புதுப்பித்து ஓடும் வண்டிகளில் பல, ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. அந்த வேகத்தில் 20,000 கிலோமீட்டர் ஆகப் பத்து ஆண்டு பிடிக்கும். ஓடாமல் நிற்கும் வண்டியின் ரப்பரும் பெட்ரோலில் ஊறிக்கொண்டுதான் இருக்கிறது. ஊறி உப்புகிறது, பெட்ரோல் வற்றியதும் காய்ந்து வெடிக்கிறது. மாதக்கணக்கில் நின்ற வண்டியை எடுத்த அன்றே ஹோஸ் ஒழுகுவதற்குக் காரணம் இதுதான். ஆகவே இந்த வண்டிகளுக்குக் கெடுவை ஆண்டில் சொல்ல வேண்டும், கிலோமீட்டரில் அல்ல.

பட்டியலில் முதலில் வருவது பெட்ரோல் ஹோஸ். டேங்கிலிருந்து பம்புக்கு, பம்பிலிருந்து கார்பரேட்டருக்கு, மிச்சம் டேங்குக்குத் திரும்ப என்று இரும்புக் குழாய்களின் முனைகளில் சின்னச் சின்னத் துண்டுகளாக இருக்கும். கண்ணுக்கு எதிரே உள்ள துண்டை மட்டும் மாற்றி, டேங்குக்குப் பக்கத்தில் இருப்பதை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள். சாதாரண நைட்ரைல் ரப்பர் ஹோஸ் வேண்டாம். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 (SAE J30 R9) என்று தரக்குறியீடு மேலே அச்சிட்ட ஹோஸ் கேட்டு வாங்குங்கள். அதன் உள்சுவர் ஃப்ளூரோ ரப்பர், எத்தனாலைத் தாங்கும். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் டியூப் ஆகவே ஆகாது, எஞ்சின் சூட்டில் ஒரே கோடையில் கட்டையாகிவிடும். கிளிப் அளவுக்கு மீறி முறுக்கினால் ஹோஸை அறுத்துவிடும், ஓரம் மழுங்கியதாகப் பார்த்துப் போடுங்கள். பழைய ஹோஸைக் கழற்றியதும் முனையை விரலால் மடக்கிப் பாருங்கள். உள்சுவரில் பொடி வெடிப்பு தெரிந்தாலோ, விரலில் கறுப்பு மை ஒட்டினாலோ, அந்தத் துகள்தான் கார்பரேட்டரின் ஸ்லோ ஜெட்டை, அதாவது மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் தரும் சிறு துளையை, அடைத்துக்கொண்டிருந்தது.

அடுத்தது டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துத் தரும், ஹெட்டில் பொருத்திய மெக்கானிக்கல் பம்ப். பட்டறையில் ஏசி பம்ப் என்பார்கள். உள்ளே டயாப்ரம் என்ற ரப்பர் சவ்வு ஒன்று, இரண்டு சிறு வால்வுகள். டயாப்ரம் இறுகிவிட்டால் மேட்டில் ஏறும்போது பெட்ரோல் போதாமல் வண்டி இழுக்காது. கிழிந்தால் பெட்ரோல் வெளியே கசியும், சில நேரம் எஞ்சின் ஆயிலிலும் இறங்கும். டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் அந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். பம்பை மாற்றி, ஆயிலையும் ஃபில்ட்டரையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மூன்றாவது கார்பரேட்டர் கிட். காலை அழுத்தும்போது கூடுதல் பெட்ரோல் பீச்சும் ஆக்சிலரேட்டர் பம்பின் டயாப்ரம், பெட்ரோல் நிரம்பியதும் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் நீடில் வால்வ், அதன் ஓ-ரிங், மேல்மூடி கேஸ்கெட் ஆகியவை இதில் அடங்கும். ஆக்சிலரேட்டர் பம்ப் டயாப்ரம் போனால் காலை அழுத்தியதும் வண்டி ஒரு நொடி திக்கும். ஏர் கிளீனரைக் கழற்றி, எஞ்சின் நிற்கும்போதே திராட்டிலை இழுத்து உள்ளே பாருங்கள். மெல்லிய பெட்ரோல் பீச்சு விழ வேண்டும். சொட்டாக விழுந்தால் டயாப்ரம் முடிந்தது. நீடில் வால்வ் சரியாக அடைக்காவிட்டால் கறுப்புப் புகை வரும், சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுக்கும். ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் ஓடும்போது) மட்டும் எஞ்சின் நின்றுபோகிறதா? பிந்தைய கார்பரேட்டர்களில் உள்ள பெட்ரோல் கட் சோலினாய்டை (பெட்ரோலைத் திறந்து மூடும் மின் வால்வை) பாருங்கள். சாவியைத் திருப்பும்போது டிக் என்று சத்தம் வர வேண்டும், வராவிட்டால் முதலில் அதன் ஒயரைச் சரிபாருங்கள். ஜெட்டில் கம்பி விட்டுக் குத்தும் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் பிறகு எந்த ஸ்குரூவும் அதைச் சரிசெய்யாது. காற்றடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்க் மூடியின் ரப்பர் போன வண்டியில் மழைநீரும் சேர்ந்தால், ஓர் அளவுக்கு மேல் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பெட்ரோலை உறிஞ்சும் குழாயும் அங்கேதான் இருக்கிறது. பழைய டேங்கின் துருவையும் கசடையும் எத்தனால் இளக்குவதால், டேங்கைச் சுத்தம் செய்து ஃபில்ட்டர் மாற்றிய வண்டியில்கூட 1,000 கிலோமீட்டருக்குள் இன்னொரு முறை ஃபில்ட்டர் மாற்றுவது நல்லது. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரை வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வெள்ளைப் பொடி பூத்திருக்கும்.

இனி மிக்சர், அதாவது பெட்ரோலும் காற்றும் கலக்கும் விகிதம். சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீத எத்தனால் கலந்ததற்குச் சுமார் 13.5 போதும். கார்பரேட்டருக்குப் பதில் கணினி வழியே பெட்ரோல் பீச்சும், ஆக்சிஜன் சென்சார் வைத்த பிந்தைய எம்பிஎஃப்ஐ 800 இதைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். கார்பரேட்டருக்கு அந்த வசதி இல்லை. பழைய ஜெட் பழைய அளவே பெட்ரோல் தரும், மிக்சர் லீன் ஆகும், அதாவது காற்று கூடிப் பெட்ரோல் குறையும். காலையில் சோக் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் ஓடுவது, ஆக்சிலரேட்டரை விட்டு மறுபடி அழுத்தும்போது கார்பரேட்டர் வழியே பட்டென்று அடிப்பது, பிளக்கின் பீங்கான் சுண்ணாம்பாக வெளுப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். ஐடில் மிக்சர் ஸ்குரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திறந்து, எஞ்சின் சீராக ஓடும் இடத்தில் நிறுத்தி, புகைச் சோதனைக் கருவியில் கார்பன் மோனாக்சைடு அளவைப் பாருங்கள். பிஎஸ்-2 புகை விதிக்கு முந்தைய கார்களுக்கு வரம்பு 3 சதவீதம். இது ஐடிலிங்கை மட்டுமே திருத்தும். ஓட்டத்திலும் லீனாக இருந்தால் அடுத்த அளவு மெயின் ஜெட்தான் வழி. எத்தனாலால் ஆக்டேன் (எஞ்சின் தட்டாமல் எரியும் திறன்) கூடுகிறதே என்பார்கள். கூடுவது உண்மை. அழுத்த விகிதம் ஏறத்தாழ 8.7 மட்டுமே உள்ள இந்த எஞ்சினுக்கு அதனால் ஆதாயம் இல்லை.

ஆனால் எல்லாப் பழியையும் எத்தனால் மேல் போடுவதும் தவறு. ஜெட்டில் கை வைப்பதற்கு முன் டேப்பட், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் உள்ள இடைவெளி, பாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.13 முதல் 0.18 மி.மீ., சூட்டில் 0.23 முதல் 0.28. ஒவ்வொரு சிலிண்டரின் பிஸ்டனும் கலவையை அழுத்தி உச்சிக்கு (கம்ப்ரஷன் உச்சி) வந்தபோதே வைக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் 120 டிகிரி நகர்ந்தால் அடுத்த சிலிண்டர். டேப்பட் சத்தமே இல்லாமல் அமைதியாக ஓடுகிறது என்று மகிழ்வார்கள். எரிவாயுவில் ஓடும் ஆம்னிகளில் அந்த அமைதி ஆபத்து. வால்வ் தான் உட்காரும் வளையத்துக்குள் (சீட்) பதிந்து இடைவெளி குறைந்துவிட்டது, எக்ஸாஸ்ட் வால்வ் எரியப்போகிறது என்று பொருள். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்தால் சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் சதுர செ.மீ.-க்கு ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது. ஐடிலிங்கில் ஸ்டியரிங் நடுங்குவது பல நேரம் எஞ்சின் மவுண்ட் ரப்பர் வெடித்ததால்தான். சூடேறி ஹெட் கேஸ்கெட் போனால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிடாதீர்கள். ஸ்கேல் வைத்து ஹெட்டின் வளைவைப் பாருங்கள், 0.05 மி.மீ. தாண்டினால் லேத்துக்குப் போக வேண்டும். போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக இறுக்கி, முடிவில் 55 முதல் 60 நியூட்டன் மீட்டரில் நிறுத்த வேண்டும்.

தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்பது இரண்டு. கார் நிறுவனங்கள் ஒவ்வொரு பழைய மாடலுக்கும் மாற்ற வேண்டிய ரப்பர் பாகங்களின் பட்டியலைப் பாக நம்பரோடும், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கோடும் தமிழில் வெளியிட வேண்டும். பெட்ரோல் பங்க்குகளில் ஒவ்வொரு பம்பின் முகப்பிலும் எத்தனால் எத்தனை சதவீதம் என்று பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாமல் எந்த மெக்கானிக்காலும் மிக்சரைச் சரியாக வைக்க முடியாது.

பட்டியல் வரும்வரை ஆம்னி வைத்திருப்பவர்கள் ஒன்றை உடனே செய்யுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வந்தால் சாவியைத் தொடாதீர்கள். கதவுகளையெல்லாம் திறந்து வைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, முன்சீட்டைத் தூக்கிக் கார்பரேட்டருக்கு வரும் ஹோஸைப் பாருங்கள்.

இப்படிக்கு,
பழைய பெட்ரோல் கார்களைப் பழுதுபார்க்கும் வாசகர் ஒருவர்