அம்மா இல்லாத ஒன்றுகூடல்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து சில நாட்கள் ஆகிவிட்டன. உடனே பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணமில்லை, நீ கேட்டிருந்த கேள்வி அப்படி. அதற்கு முன் வீட்டுச் செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். இவர் ஓய்வு பெற்றுவிட்டார்; எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று இப்போதுதான் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். மகனும் மருமகளும் நடந்து போகிற தூரத்தில் குடிவந்துவிட்டார்கள். என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அம்மா போன பிறகு வருகிற முதல் வருடம். எல்லோரும் கூடுகிற அந்த நாளை நடத்துவதா, விட்டுவிடுவதா என்று கேட்கிறாய். அம்மா செய்த மாதிரி நம்மால் முடியாது, அதனால் வேண்டாம் என்கிறார் உன் அண்ணன். பாட்டிக்காகவே நடத்த வேண்டும் என்கிறாள் உன் மகள். நான் உன் மகள் பக்கம்தான். ஆனால் அவள் ஒன்றை யோசிக்கவில்லை. யார் செய்வது?

உன் அம்மா என்னவெல்லாம் செய்தார் என்று நினைத்துப் பார். ஒரு மாதம் முன்பே எல்லோருக்கும் போன் போடுவார். யார் யாரோடு பேசுவதில்லை, யாரை எந்த அறையில் படுக்க வைக்கக்கூடாது, எந்தக் குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவர் மனக்கணக்கில் இருந்தது. வந்தவர்களுக்கு அது தானாக நடப்பது போலத் தெரிந்தது. பெரும்பாலான வீடுகளில் குடும்ப வழக்கம் என்பது ஒரு பெண்மணியின் வேலை. அவர் போனதும் 'அந்தக் காலமே போச்சு' என்று பெருமூச்சு விடுகிறார்கள். காலம் எங்கேயும் போகவில்லை. அந்த வேலையை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான். சும்மா விட்டால் அது மொத்தமும் உன் தலையில்தான் வந்து விழும். அதனால்தான் உனக்கு இத்தனை தயக்கம் என்று நினைக்கிறேன். அதைத் துக்கம் என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதே.

இதெல்லாம் உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா என்றும் கேட்டிருக்கிறாய். கொஞ்சம் படித்துப் பார்த்தேன். பார்பரா ஃபீஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2002-இல் அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். குடும்ப வழக்கங்கள் நிலையாக உள்ள வீடுகளில் பிள்ளைகளின் உடல்நலம், வளரிளம் பருவத்தில் 'நான் யார்' என்கிற தெளிவு, கணவன் மனைவி உறவு, இவையெல்லாம் நன்றாக இருப்பதைக் கண்டார்கள். வழக்கத்தால் வீடு நன்றாக இருக்கிறதா, நன்றாக இருக்கிற வீட்டில் வழக்கம் தங்குகிறதா என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான். அதைப் பிரித்துச் சொல்வது கடினம் என்பது அவர்களுக்கும் தெரியும்.

எனக்குப் பிடித்தது அவர்கள் காட்டுகிற ஒரு வேறுபாடு. தினமும் செய்கிற சில காரியங்கள் முடிந்தால் போதும், அதோடு மறந்துவிடுவோம். வேறு சில விட்டுப்போனால் ஒரு வேலை பாக்கி என்று தோன்றுவதில்லை, நம் வீடே நம் வீடு மாதிரி இல்லை என்று தோன்றும். ஒரே இரவுச் சாப்பாடு ஒரு வீட்டில் முதல் வகை, இன்னொரு வீட்டில் இரண்டாம் வகை. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

ஸ்டீவன் வோலின், லிண்டா பென்னட் இருவரும் இன்னும் இருவரோடு சேர்ந்து 1980-இல் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வும் உண்டு. பெற்றோரில் ஒருவருக்குக் குடிப்பழக்கம் இருந்த குடும்பங்களைப் பார்த்தார்கள். சேர்ந்து சாப்பிடும் நேரம், விழா நாள், விடுமுறை இவற்றையெல்லாம் குடி குலைத்துப்போட்ட வீடுகளில் அந்தப் பழக்கம் அடுத்த தலைமுறைக்கும் போவது அதிகமாக இருந்தது. குலையாமல் காப்பாற்றிய வீடுகளில் குறைவு. படித்ததும் நம்மோடு படித்த ஒருத்தியின் வீடு ஞாபகம் வந்தது. யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். அப்பா எந்த நிலையில் வந்தாலும் அவள் அம்மா இரவில் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்துக் கதை வாசிப்பதை நிறுத்தவே இல்லை. அப்போது அந்த அம்மாவுக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று நாம் பேசிக்கொள்வோம், இல்லையா?

இன்னொன்று. எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ரோபின் ஃபைவுஷ் என்ற இருவர் 2001 வாக்கில் இருபது கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார்கள். உன் தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் தெரியுமா, உன் பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் தெரியுமா, குடும்பத்தில் நடந்த பெரிய கஷ்டம் ஏதாவது தெரியுமா, இந்த மாதிரி. நிறையத் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை கூடுதலாக இருந்ததாம், சிக்கலைத் தாங்கும் திறனும் அப்படியே. உடனே பதில்களை மனப்பாடம் செய்ய வைத்துவிடாதே! தெரிந்திருப்பதில் விசேஷம் ஒன்றுமில்லை, அவை தெரிந்துகொள்ளப்படுகிற விதத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று டியூக்கே சொல்லியிருக்கிறார். பெரியவர்களும் சின்னவர்களும் திரும்பத் திரும்ப ஒன்றாக உட்கார்ந்தால்தானே அதெல்லாம் பேச்சில் வரும்? என் மகனிடம் சில கேள்விகளைக் கேட்டுப் பார்த்தேன். அவன் அப்பாவின் முதல் வேலை என்ன என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை. இவர் அதற்காக ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

உங்கள் ஒன்றுகூடலில் எனக்கு நினைவில் நிற்பதும் சாப்பாடு முடிந்து யாரும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த அந்த மதியப் பொழுதுதான். மற்றதையெல்லாம் சுருக்கிவிடலாம். அதை மட்டும் விடாதே.

அண்ணனின் 'அம்மா மாதிரி, இல்லாவிட்டால் வேண்டாம்' என்ற பேச்சைக் கேட்டபோது அன்னா ஜார்விஸ்தான் நினைவுக்கு வந்தார். தன் அம்மாவின் நினைவாக 1908-இல் அமெரிக்காவில் அன்னையர் தினத்தைத் தொடங்கி வைத்தவர். 1914-இல் அதிபர் வில்சனே அதை அறிவிக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. பிறகு வாழ்த்து அட்டைக்காரர்களும் பூ வியாபாரிகளும் அதை வியாபாரமாக்கிவிட்டார்கள் என்று கோபப்பட்டு, மீதி வாழ்நாளை அதை எதிர்த்தே கழித்தார். அவர் சொன்னதில் நியாயம் நிறைய உண்டு. ஆனாலும் ஒரு வழக்கம் பலர் கைக்குப் போனபின் முதல் ஆள் நினைத்த மாதிரியே இருக்காது. அப்படியே இருக்க வேண்டும் என்று நின்றால் சண்டைதான் மிஞ்சும்.

அப்புறம், உங்கள் ஒன்றுகூடல் ஒன்றும் ஆதிகாலத்து வழக்கமில்லை. உன் பாட்டிக்கு நடமாட்டம் குறைந்தபோது, 'நான் வரமுடியாது, நீங்கள் எல்லோரும் வாருங்கள்' என்று ஒரு முறை கூப்பிட்டதில் ஆரம்பித்தது என்று உன் அம்மாவே என்னிடம் சொல்லியிருக்கிறார். அண்ணனுக்கு இது தெரியுமா? நடுவில் எவ்வளவோ மாறியும் இருக்கிறது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி மதிப்பெண் கேட்பார்களே, அதை உன் அம்மாதான் ஒரே பேச்சில் நிறுத்தினார். யாராவது தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கும் வழக்கத்தை நிறுத்துவதும் அதைக் காப்பாற்றுகிறவரின் வேலைதான்.

புதிதாகத் தொடங்குவது பற்றி எங்கள் வீட்டுக் கதை ஒன்று. மருமகள் தன் பிறந்த வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டு வந்தாள். யாருக்காவது பிறந்தநாள் என்றால் அவரை நடுவில் உட்கார வைத்து, மற்றவர்கள் ஒவ்வொருவரும் அந்த வருடத்தில் அவர் செய்த ஒன்றை நினைவுகூர்ந்து சொல்ல வேண்டும். பரிசு கிடையாது. முதலில் இவருக்கு ஒரே கூச்சம், இது என்ன நாடகம் என்று முணுமுணுத்தார். இப்போது அவர்தான் முதலில் பேச ஆரம்பிக்கிறார், நிறுத்துவதுதான் பாடு. எங்கள் பக்கத்து வழக்கங்கள் மட்டுமே நடந்துகொண்டிருந்த வீட்டில் அவளுடைய ஒன்றுக்கும் இடம் கிடைத்தது பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுகிறது. கல்யாணமாகி வருகிறவர்கள் காலம் முழுக்க விருந்தாளி மாதிரியே இருந்துவிடுகிற வீடுகளை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! உன் அண்ணியிடமும் இந்த முறை ஒரு வார்த்தை கேள். அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

இந்த வருடம் மூன்று நாள் வேண்டாம், ஒரே நாள் போதும். தேதியை இப்போதே எல்லோருக்கும் சொல்லிவிடு. தூரத்தில் இருப்பவர்களை அந்த மதியப் பேச்சுக்கு மட்டும் வீடியோவில் கூப்பிடலாம். உன் மகள்தானே நடத்த வேண்டும் என்கிறாள், யார் எங்கே தங்குவது என்ற கணக்கை அவளிடமே கொடு. பேசுவதை எழுதி வைக்க ஒரு நோட்டு வாங்கி, கையெழுத்து நன்றாக உள்ள பேரனிடம் கொடு. எல்லோரையும் கூப்பிடுகிற வேலை அண்ணனுக்கு. பாதிப் பேரிடம் போன் செய்து பேசியபின் அவரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது பார்.

அவர் என்ன சொன்னார் என்று எழுது. தேதி முடிவானதும் எனக்கும் சொல், நானும் வருகிறேன். வெளியாள் என்று யாராவது சொன்னால், உன் அம்மா எனக்கு வருடா வருடம் போன் போட்டதைச் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் தோழி