பூச்செடியோடு நிறுத்திவிடாதீர்கள்: ரயில்வே நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

கிளைப் பாதைகளையும் சிறு நிலையங்களையும் நிர்வகிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

பாதையோர ஊர்க்காரர்கள் ஒரு குழு அமைத்து, "எங்கள் நிலையத்தை நாங்களும் சேர்ந்து பார்த்துக்கொள்கிறோம்" என்று உங்களிடம் வந்தால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். நீங்கள் மறுப்பதில்லை. ஒரு புகைப்படம் எடுப்பீர்கள், பாராட்டி ஒரு கடிதம் தருவீர்கள், நடைமேடை ஓரத்தில் செடி வைக்க அனுமதிப்பீர்கள். அத்தோடு கோப்பு மூடப்பட்டுவிடும். பிறகு ஒருநாள், மாலை நேர ரயில் சேவையையே ரத்து செய்யும்போது அந்தக் குழுவை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. வாடாமல் பூத்திருக்கும் அந்த நிலையத்தில் ஏறுவதற்கு ரயில் இருக்காது.

செடி வைப்பதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆள் நடமாட்டமும் பராமரிப்பும் தெரிகிற இடத்தில் இருட்டிய பிறகு தனியாகக் காத்திருக்கப் பயம் குறையும். ஆனால் ஊர்மக்களின் பங்கு அங்கேயே முடிந்துவிட வேண்டும் என்று நீங்கள் கோடு போடுகிறீர்களே, அதைத்தான் கேட்கிறேன்.

இந்த விஷயத்தில் நீண்ட அனுபவம் உள்ள நாடு பிரிட்டன். அந்நாட்டு ரயில்வேயின் தலைவர் பீச்சிங் தயாரித்து 1963இல் வெளியான அறிக்கை 2,363 நிலையங்களை மூடச் சொன்னது. எந்தப் பாதையில் எத்தனை டிக்கெட் விற்கிறது என்ற கணக்கு அதில் இருந்தது. ஏன் விற்கவில்லை என்று பாதையோர மக்களிடம் கேட்ட கணக்கு இல்லை. கிளைப் பாதைகள் கொத்துக் கொத்தாகப் போயின. தப்பியவற்றையும் பல ஆண்டுகள் கவனிப்பாரில்லை. அந்தக் காலத்துக்குப் பிறகுதான், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ரயில் நிறுவனம், உள்ளாட்சி, ஊர்மக்கள் மூவரும் ஒரே மேசையில் உட்காரும் கூட்டமைப்புகள் பிறந்தன. டெவன், கார்ன்வால் பகுதிகளின் கூட்டமைப்பு 1991இல் தொடங்கியது. 2004இல் அரசின் ரயில் ஆணையம் இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. 2018இல் அது புதுப்பிக்கப்பட்டது. இன்று அங்கே எழுபதுக்கும் மேற்பட்ட கூட்டமைப்புகள் இருக்கின்றன. நிலையங்களைத் தத்தெடுத்த தன்னார்வக் குழுக்கள் ஆயிரத்தைத் தாண்டும்.

எண்ணிக்கையை விடுங்கள். வட இங்கிலாந்தின் செட்டில்-கார்லைல் பாதையின் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இதில் பாடம் அதிகம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சுமார் 116 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் நாளொன்றுக்கு ஒவ்வொரு திசையிலும் இரண்டே ரயில்கள்தான் ஓடின. இடையில் இருந்த சிறு நிலையங்கள் பெரும்பாலும் 1970லேயே மூடப்பட்டுவிட்டன. 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் பாலத்தைச் சீர்செய்யப் பெருந்தொகை ஆகும் என்று சொல்லி, பாதையையே மூட முடிவெடுத்தார்கள். மூடும் வேலையை ஒழுங்காக முடித்துத் தரும்படி 1983இல் ரான் காட்டன் என்ற மேலாளரை அமர்த்தினார்கள். அவர் செய்தது வேறு. கட்டணத்தைக் குறைத்தார், விளம்பரம் செய்தார், ரயில்களைக் கூட்டினார். எட்டுச் சிறு நிலையங்கள் 1986இல் மீண்டும் திறக்கப்பட்டன. 1981இலேயே அமைந்திருந்த பாதை நண்பர்கள் குழு ஊர் ஊராகப் போய் ஆட்சேப மனுக்களைத் திரட்டியது. ஆயிரக்கணக்கான மனுக்களில் ஒன்றில் கையெழுத்துக்குப் பதில் பாத முத்திரை இருந்தது. ரஸ்வார்ப் என்ற நாயின் முத்திரை அது. டிக்கெட் எடுத்துப் பயணம் செய்த நாய் என்பதால் அதற்கும் ஆட்சேபிக்க உரிமை உண்டு என்று வாதிட்டு மனுவை ஏற்க வைத்தார்கள்! (கார்ஸ்டேல் நிலையத்தில் இப்போது அதற்கு ஒரு சிலை இருக்கிறது.) 1983இல் 93,000 ஆக இருந்த ஆண்டுப் பயணங்கள் 1989இல் நாலரை லட்சமாயின. அந்த ஆண்டு ஏப்ரலில் மூடும் திட்டத்தை அரசு கைவிட்டது. பாலத்தைச் சீர்செய்யும் செலவும் முதலில் பயமுறுத்திய அளவுக்கு வரவில்லை.

இதில் குழு மட்டும் ஜெயித்தது என்று நான் சொல்ல மாட்டேன். உள்ளே ஒரு மேலாளர், வெளியே ஒரு குழு, இரண்டும் ஒரே நேரத்தில் அமைந்தன. காட்டன் இல்லாமல் குழு மனு மட்டும்தான் கொடுத்திருக்கும். குழு இல்லாவிட்டால் காட்டன் கூட்டிய ரயில்களைக் கணக்குப் பிள்ளைகள் மறுபடி குறைத்திருப்பார்கள்.

இப்போது கால அட்டவணைக்கு வருகிறேன். எனக்கு முக்கியமானது இதுதான். கார்ன்வாலில் ட்ரூரோவுக்கும் ஃபால்மவுத்துக்கும் இடையே ஓடும் ஒற்றைத் தண்டவாளக் கிளைப் பாதையில் எதிரெதிர் ரயில்கள் ஒன்றையொன்று கடக்க வழியில்லாமல் இருந்தது. உள்ளாட்சியின் பணமும் சேர்ந்து, 2009இல் பென்ரின் நிலையத்தில் ஒரு கடப்புப் பாதை போட்டார்கள். ஒரே நீண்ட நடைமேடையின் ஒரு பாதியில் ஒரு திசை ரயிலும் மறு பாதியில் எதிர்த்திசை ரயிலும் நிற்கும். நடைமேம்பாலம் தேவைப்படவில்லை. அரை மணிக்கு ஒரு ரயில் என்றானது, கூட்டம் ஏறியது. பக்கத்திலேயே கல்லூரி வளாகம். மாணவர்கள் எந்நேரத்துக்குப் போகிறார்கள், வருகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள ஆய்வு நிறுவனமா வேண்டும்? அங்கேயே குடியிருப்பவர்கள் சொல்வார்கள். எந்த ஊர் நிலையத்துக்கும் இது பொருந்தும். ரயில் வந்து சேர ஐந்து நிமிடம் இருக்கும்போது பேருந்து கிளம்பிப் போய்விடும் என்பதும், வழிகாட்டிப் பலகையை மரக்கிளை மறைத்திருக்கிறது என்பதும், ஒட்டியிருப்பது போன வருடத்து அட்டவணை என்பதும் தலைமை அலுவலகத்தில் இருந்து தெரியாது.

ஜெர்மனியில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பெப்லிங்கன்-டெட்டன்ஹாசன் பாதையில் 1966இல் பயணிகள் ரயில் நின்றுபோனது. இரண்டு மாவட்டங்கள் சேர்ந்து அந்தப் பாதையைக் கையில் எடுத்து 1996 டிசம்பரில் மீண்டும் ஓட விட்டன. நாளொன்றுக்கு 2,500 பேர் வருவார்கள் என்று போட்ட மதிப்பீட்டைக் கூட்டம் சீக்கிரமே தாண்டிவிட்டது.

ஜப்பானின் கிஷிகாவா பாதையை நீங்கள் பூனையை வைத்து அறிந்திருப்பீர்கள். ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பி போட்ட டாமா. 2007இல் பதவியேற்று உலகப் புகழ் பெற்றது. பூனை நல்ல விளம்பரம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தொப்பி போடுவதற்கு முன்பே நடந்ததை யாரும் பேசுவதில்லை. பழைய நிறுவனம் பாதையைக் கைவிடுவதாக அறிவித்ததும் ஊர்மக்கள் சங்கம் அமைத்தார்கள். உள்ளாட்சிகள் நிலத்தைப் பொறுப்பேற்றன, பத்தாண்டுகளுக்கு நஷ்டத்தில் பங்கு கொடுக்கச் சம்மதித்தன. 2006 ஏப்ரலில் புதிய நிறுவனம் வந்தது. அந்தப் பத்தாண்டு உறுதி இல்லையென்றால் டாமாவுக்கு வேலை பார்க்க நிலையமே இருந்திருக்காது.

ஆகவே நீங்கள் தர வேண்டியதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கூட்டமைப்பு ஒன்றுக்குச் சம்பளம் வாங்கும் ஒரு அலுவலராவது வேண்டும். தன்னார்வலர் தன் ஓய்வு நேரத்தில் எத்தனை கடிதம் எழுதுவார்? அந்தச் சம்பளத்துக்கான நிதியை ஆண்டுக்கு ஆண்டு கெஞ்சி வாங்கும்படி வைக்காமல் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து உறுதி செய்யுங்கள். உங்கள் பக்கத்தில் பெயர் குறிப்பிட்ட ஒரு பொறுப்பாளர் இருக்கட்டும். அவர் மாறுதலாகிப் போனால் கோப்பு அடுத்தவர் கைக்குப் போக வேண்டும். இப்போது நடப்பது என்ன? அதிகாரி மாறும் ஒவ்வொரு முறையும் குழு தன்னை அ-விலிருந்து அறிமுகப்படுத்திக்கொள்கிறது. பாதுகாப்பு விதிகளில் சமரசம் வேண்டாம், நடைமேடை விளிம்பில் யாரும் களை பிடுங்க வேண்டாம். பயிற்சி கொடுங்கள், விதிகளைக் கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் ஒரு தண்ணீர்க் குழாய்க்கு அனுமதி வருவதற்குள் செடி பட்டுப்போகிறது என்றால் அந்தத் தாமதத்தைப் பாதுகாப்பின் கணக்கில் எழுதாதீர்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. தன்னார்வலர் வந்துவிட்டார்கள் என்று ஊழியரை எடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. இந்த ஆசை உங்களுக்கு இருந்தால் கூட்டமைப்பே வேண்டாம். நிலையத்தில் மயங்கி விழுந்தவரைக் கவனிக்கவும், சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடவும் சம்பளம் வாங்கும் ஆள்தான் வேண்டும். எங்கள் ஓய்வுநேர உழைப்பு அதற்கு மாற்றாகாது.

எங்கள் பக்கத்துக் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. இப்படிப்பட்ட குழுக்களில் நேரம் கிடைப்பவர்களே அதிகம், அதாவது ஓய்வு பெற்றவர்கள். இரவுப் பணி முடிந்து முதல் ரயிலைப் பிடிப்பவர் மாலைக் கூட்டத்துக்கு வர மாட்டார். கைக்குழந்தையோடு படியேறத் தெம்பில்லாமல் பேருந்துக்கு மாறியவரைக் கணக்கெடுப்பில் காணவே முடியாது, அவர்தான் ரயிலையே விட்டுவிட்டாரே. ஆகையால் குழு சொல்வதை ஊர் சொன்னதாக அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ரயிலில் ஏறிக் கேட்கவும், பேருந்து நிறுத்தத்தில் நின்று கேட்கவும் குழுவுக்கு உதவி செய்யுங்கள். நிலையவாரியான டிக்கெட் விற்பனை விவரத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள். அதை ரகசியமாக வைப்பதால் யாருக்கு என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அடுத்த கால அட்டவணை தயாராகிறது அல்லவா? அதன் வரைவை, முடிவெடுத்த பிறகு அல்லாமல், திருத்த இன்னும் இடமிருக்கும்போதே குழுக்களுக்கு அனுப்புங்கள். கருத்துச் சொல்ல இரண்டு வாரம் போதாது, இரண்டு மாதமாவது கொடுங்கள். எந்தக் கருத்தை ஏற்றீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை எழுதி அந்தந்த நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
கிளைப் பாதை ரயிலில் போய்வரும் ஒரு பயணி