தவறிப்போன அப்பாவுக்கு இன்னும் வயசு ஏறுது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் இருபது வருஷத்துக்கு மேல அமெரிக்காவுல இருக்கேன், உங்க பேப்பரை தினமும் நெட்லதான் படிக்கிறேன். போன மாசம் எங்க வீட்டுக்காரர் சும்மா என் பேரைப் போட்டு தேடினாரு, ஆள் தேடிக் குடுக்குற ஒரு வெப்சைட்ல என் ஜாதகமே இருக்கு. குடியிருந்த ஏழு வீட்டு அட்ரஸ், எப்பவோ விட்டுட்ட போன் நம்பர், வீடு வாங்குன தேதி, அப்புறம் சொந்தக்காரங்கன்னு ஒரு லிஸ்ட். அதுல எங்க அப்பா பேரு இருந்துச்சு, பக்கத்துல வயசு 84ன்னு போட்டிருந்துச்சு. அப்பா 79 வயசுல இங்க எங்ககூட இருக்கும்போதே தவறிட்டாரு. அது தெரியாம அந்த கம்ப்யூட்டர் வருஷா வருஷம் ஒரு வயசு கூட்டிக்கிட்டே போகுது. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

அதுக்கு கீழ, கோர்ட் கேஸ் இருக்கலாம், பணம் கட்டிப் பாருங்கன்னு சிவப்பு எழுத்துல ஒரு வரி. கட்டிப் பாத்தா நான் கால் வைக்காத ஏதோ ஒரு ஸ்டேட்ல என் பேரே இருக்குற வேற யாருக்கோ போட்ட கேஸ். எனக்கு வீடு வாடகைக்கு குடுக்க நினைக்கிறவங்க இதைப் பாத்தா என்னன்னு நினைப்பாங்க?

இதெல்லாம் பப்ளிக் ரெக்கார்டுதானே, யார் வேணா பாக்கலாமேன்னு சில பேர் சொல்றாங்க. பத்திரம் ஒரு ஆபீஸ்ல, கல்யாண பதிவு இன்னொரு ஆபீஸ்ல, கேஸ் கட்டு கோர்ட்டுலன்னு இருந்தவரைக்கும் ஒரு ஆளைப் பத்தி தெரிஞ்சுக்க அலையணும், அந்த அலைச்சலே நமக்கு ஒரு காவலா இருந்துச்சு. அப்படி தேடி எடுக்குறதும் எல்லாத்தையும் ஒரே இடத்துல சேத்து வைக்கிறதும் ஒண்ணு இல்லன்னு 1989லயே அமெரிக்க சுப்ரீம் கோர்ட் எஃப்பிஐ ரெக்கார்டு சம்பந்தமான ஒரு வழக்குல சொல்லிடுச்சு, ஆனா அந்த தீர்ப்பு அரசாங்கம் வச்சிருக்குற ஃபைலைப் பத்தினது, இந்த கம்பெனிங்களைத் தொடல.

வேலைக்கு, வாடகைக்குன்னு ஆளோட பின்னணி பாத்து ரிப்போர்ட் குடுக்குறவங்களுக்கு 1970லயே ஒரு சட்டம் வந்துச்சு, தப்பு இருந்தா நாம கேள்வி கேக்கலாம், அவங்க விசாரிச்சு திருத்தியே ஆகணும். இந்த வெப்சைட்காரங்க அடியில பொடி எழுத்துல எங்க தகவலை வேலைக்கோ வாடகைக்கோ பயன்படுத்தாதீங்கன்னு போட்டுட்டு நழுவிடறாங்க. 2012ல ஸ்போக்கியோங்கற கம்பெனி ஆள் எடுக்குற கம்பெனிகளுக்கு இப்படி தகவல் வித்ததுக்கு 8 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்துச்சு, அதுக்கப்புறமும் இந்த யாவாரம் நிக்கல.

ஒரு சைட்ல எழுதிக்குடுத்து எடுத்தா இன்னொரு சைட்ல இருக்கு, நாலு மாசம் கழிச்சு எடுத்த இடத்துலயே திரும்ப வந்துடுது. கலிபோர்னியாவுல மட்டும் 2023ல ஒரு சட்டம் போட்டு, தகவல் விக்கிறவங்க எல்லார்கிட்டயும் அழிக்கச் சொல்ல ஒரே விண்ணப்பம் போதும்னு ஏற்பாடு பண்ணிருக்காங்க, 2026 ஜனவரியில அந்த விண்ணப்பம் திறந்துச்சு. எல்லா ஊர்லயும் இது வரணும். சேத்தவங்கதானே தேடி அழிக்கணும், நான் ஏன் கதவு கதவா தட்டணும்?

அப்பா பேரை எடுக்கச் சொல்லி எழுதினேன். டெத் சர்டிஃபிகேட் காப்பி அனுப்புங்கன்னு பதில் வந்திருக்கு. அதையும் அவங்க கையில குடுக்க மனசு வரல, இன்னும் அனுப்பல.

இப்படிக்கு,
ஒரு வாசகி