செனட் ஹவுஸில் எழுபதாயிரம் பேருக்கு ஓர் இடம் கேட்டு

சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

நான் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவன். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் பட்டமும் அதுதான். சான்றிதழைக் கொண்டுவந்த அன்று அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். பல்கலைக்கழகச் சின்னத்தின் லத்தீன் வரியில் விரலை வைத்து, "இது என்ன பாஷை?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. உள்ளே பிறவியிலேயே இருக்கும் ஆற்றலைக் கல்வி வளர்க்கும் என்பது அந்த வரியின் பொருள் என்று பல வருடம் கழித்துத்தான் சொல்ல முடிந்தது.

இந்த மடலை எழுத வைத்தது வேறொரு கேள்வி. போன வருடம் பத்தாம் வகுப்பில் 1857 பாடம் நடந்தது. கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று இடத்திலும் அந்த ஆண்டு ஆங்கில அரசு பல்கலைக்கழகங்களைத் தொடங்கியது என்பது பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண் கேள்வி. 1854-ல் சார்லஸ் வுட் அனுப்பிய அறிக்கை காரணம் என்று எழுதினால் இன்னொரு மதிப்பெண். அதோடு நிறுத்த மனமில்லாமல் 1839 கதையைச் சொன்னேன். பின்பெஞ்சில் இருந்த ஒரு பெண் எழுந்து, "சார், கையெழுத்துப் போட்டவங்கள்ல நம்ம ஊர்க்காரங்க யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பது என் கடமை என்று தோன்றியது.

அந்தக் கதையைச் சுருக்கமாக இங்கேயும் சொல்லிவிடுகிறேன். 1839 நவம்பர் 11-ம் தேதி அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன், ஆளுநர் எல்ஃபின்ஸ்டன் பிரபுவிடம் ஒரு பொது மனுவைக் கொடுத்தார். சென்னையில் உயர்கல்விக்கு ஒரு ஆங்கிலக் கல்லூரி வேண்டும் என்பது கோரிக்கை. மனுவில் கையெழுத்திட்டவர்கள் 70,000 பேர்.

நம் ஊரில் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது 1856-ல்தான். இந்த மனு அதற்கு 17 வருடம் முந்தியது. ஒருவர் தாளைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்திருக்க வேண்டும். கடைத் திண்ணையில் விரித்துவைத்து, எதற்கு இந்தக் கையெழுத்து என்று ஒவ்வொருவரிடமும் விளக்கியிருக்க வேண்டும். தமிழில் போட்டார்களா, தெலுங்கிலா? எழுதத் தெரியாதவர் கீறல் போட்டாரா? எழுபதாயிரம் முறை இது நடந்திருக்கிறது என்பதை நினைக்கும்போது எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அவர்களையெல்லாம் நான் தெய்வமாக்கவில்லை. சேரியிலிருந்து எத்தனை பேரிடம் அந்தத் தாள் போனது, எத்தனை பெண்கள் கையெழுத்திட்டார்கள் என்று கேட்டால் பதில் மகிழ்ச்சி தராது என்றே நினைக்கிறேன். நகரத்து வசதிக்காரர்களின் குரல்தான் அதில் ஓங்கியிருக்கும். அப்படி இருந்தாலும், பல்கலைக்கழகம் என்ற எண்ணம் இந்த ஊருக்கு லண்டனிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய ஒன்றல்ல, இங்கிருந்தவர்களும் அதை வாய்விட்டுக் கேட்டார்கள் என்பதற்கு அந்த மனுவே சாட்சி.

கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது? 1840 ஜனவரியில் நார்ட்டனைத் தலைவராகக் கொண்டு 'யுனிவர்சிட்டி போர்டு' அமைந்தது. உயர்நிலைப் பள்ளி ஒரு பிரிவு, கல்லூரி இன்னொரு பிரிவு என்று எல்ஃபின்ஸ்டன் திட்டம் போட்டிருந்தார். 1841-ல் பள்ளி திறந்தது. கல்லூரிப் பிரிவு வர அதற்கப்புறம் பன்னிரண்டு வருடம் பிடித்தது. அதுதான் பின்னால் மாநிலக் கல்லூரி.

நடுவில் ஒரு சண்டை. அடுத்து வந்த ஆளுநர் ட்வீட்டேல் பிரபு, அந்த அரசுப் பள்ளியில் பைபிளைப் பாடமாக வைக்க நினைத்தார். 1846-ல் சென்னை மக்கள் பொதுக்கூட்டம் போட்டு எதிர்த்தார்கள். 'கிரசண்ட்' பத்திரிகை நடத்திய கஜுலு லட்சுமிநரசு செட்டி அதில் முன்னின்றார். யோசனை கைவிடப்பட்டது. கல்வி நிறுவனத்துக்குள் என்ன நடக்க வேண்டும் என்பதில் தங்களுக்குச் சொல்லுரிமை உண்டு என்று நம் ஆட்கள் அப்போதே நினைத்திருக்கிறார்கள். பாடப்புத்தகங்களில் இதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பது அபூர்வம்.

1857 செப்டம்பர் 5-ம் தேதி உங்கள் சட்டம் வந்தது. அந்த வருடத்தின் 27-வது சட்டம். வடக்கே டெல்லியைச் சுற்றிச் சண்டை நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. கல்கத்தாவில் உட்கார்ந்திருந்த சட்டசபை அந்த நேரத்திலும் நமக்குப் பல்கலைக்கழகச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் அதைப் படித்துப் பார்த்தால் மனு போட்டவர்களை எங்கேயும் காணவில்லை. ஆளுநர்தான் வேந்தர். துணைவேந்தரை நியமிப்பது ஆளுநரும் அவருடைய கவுன்சிலும். செனட் என்ற ஆட்சிப் பேரவையில் உட்காரும் உறுப்பினர்களான ஃபெல்லோக்களை நியமிப்பதும் அவர்களே, வேண்டாமென்றால் நீக்குவதும் அவர்களே. செனட் போடும் விதிகள் செல்ல வேண்டுமானால் அரசின் ஒப்புதல் வேண்டும். தலைமை நீதிபதிக்கும் பிஷப்புக்கும் பதவி வழியாகவே இடம் இருந்தது. தமிழ்ப் புலவருக்கோ பள்ளிக்கூட வாத்தியாருக்கோ அப்படி ஓர் இடம் சட்டத்தில் இல்லை. முதல் துணைவேந்தராக வந்தவரும் தலைமை நீதிபதி கிறிஸ்டோபர் ராலின்சன்தான்.

பாடம் சொல்லித்தரும் வேலையும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இல்லை. அன்றைய லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் செய்த ஏற்பாடு அது. கல்லூரிகள் கற்பிக்கும், பல்கலைக்கழகம் பரீட்சை வைக்கும். 1858-ல் இங்கே முதன்முதலாக பி.ஏ. தேறியவர்கள் இரண்டே பேர். இருவரும் யாழ்ப்பாணத் தமிழர்கள்: சி.வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை.

தாமோதரம்பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் பரீட்சை எழுதித் தேறிய அந்த மனிதர், அரசு உத்தியோகம் பார்த்துக்கொண்டே ஏடுகளைத் தேடி அலைந்தார். 1881-ல் வீரசோழியம், 1885-ல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-ல் கலித்தொகை என்று ஒவ்வொன்றாக அச்சில் ஏற்றினார். கட்டை அவிழ்த்தால் இதழ் முறியும் ஏடு, புரட்டினால் துண்டாகும் ஏடு என்று தன் பதிப்புரையில் அவர் வருந்தியதைத் தமிழ் படித்தவர்கள் அறிவார்கள். உங்கள் முதல் பட்டதாரி செய்த அந்த வேலையை எந்தப் பாடத்திட்டமும் அவரிடம் கேட்கவில்லை. பல்கலைக்கழகமே சொந்தமாகப் பேராசிரியர்களை வைத்துத் துறை தொடங்கியதே 1914 வாக்கில்தான். எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் இந்திய வரலாற்றுத் துறைக்கு வந்தது அப்போதுதான். பரீட்சைக்கூடமாகவே 57 வருடம்!

சரி, ஆட்சி விஷயத்துக்கு வருகிறேன். கர்சன் பிரபு 1904-ல் கொண்டுவந்த பல்கலைக்கழகச் சட்டம், செனட்டில் அதிகபட்சம் 100 ஃபெல்லோக்கள் என்றது. தேர்தல் மூலம் வரக்கூடியவர்கள் அதில் 20 பேர். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் நியமன உறுப்பினர்கள். வைஸ்ராயின் சட்டசபையில் கோகலே வாதாடிப் பார்த்தார், நடக்கவில்லை. ஆனாலும் அந்த இருபது இடங்கள் முக்கியம். பதிவுசெய்துகொண்ட பட்டதாரிகள் ஓட்டுப் போட்டுத் தங்கள் ஆளை அனுப்பலாம் என்பது அதில் ஒரு வழி. சின்ன சந்துதான், ஆனால் அதன் வழியாக வெளியாள் உள்ளே வர முடிந்தது.

1923-ல்தான் பெரிய மாற்றம். மாகாணத்தின் சில துறைகளை மட்டும் இந்திய மந்திரிகளிடம் விட்ட இரட்டையாட்சியில் கல்வி இந்திய மந்திரியின் கைக்கு வந்திருந்தது. நீதிக்கட்சி அமைச்சர் ஏ.பி. பாத்ரோ புதிய சட்டத்தைக் கொண்டுவந்தார். செனட்டில் ஒரே சமூகத்தின் ஆதிக்கம் என்ற பிராமணரல்லாதார் தரப்பின் நெடுநாள் குறை அதன் பின்னால் இருந்தது. அந்தக் குறையில் நியாயம் இருந்தது என்பதே என் கருத்து. கற்பிப்பதும் ஆராய்ச்சியும் பல்கலைக்கழகத்தின் வேலை என்று அந்தச் சட்டம் ஆக்கியது. செனட்டில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பெருகினார்கள். அப்புறமும் வேந்தர் நாற்காலியில் ஆளுநர்தான். இணைவேந்தர் நாற்காலியில் அமைச்சர்.

எத்தனையோ திருத்தங்களோடு இன்றும் உங்களை ஆள்வது அதே 1923 சட்டம்தான். துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரம் ஆளுநருக்கா மாநில அரசுக்கா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனதை எல்லோரும் பார்த்தோம். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசிடம் அந்த அதிகாரம் இருப்பதே சரி என்பது என் எண்ணம். வெள்ளைக்கார ஆளுநருக்காகச் செய்த நாற்காலி அது, சுதந்திர நாட்டில் அதற்கு என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் இந்த வழக்கு முழுவதையும் பேப்பரில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. பேச்செல்லாம் இரண்டு நாற்காலிகளைப் பற்றித்தான். பல்கலைக்கழகத்தைக் கேட்டு வாங்கிய ஜனங்கள் 1857 சட்டத்தில் எப்படி இல்லையோ, அப்படியே இந்தப் பேச்சிலும் இல்லை.

நாற்காலி விவகாரத்தை நீங்கள் மட்டும் தீர்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது உங்கள் கைக்கு எட்டுகிற காரியம். 1839 மனுவை எங்கிருந்தாலும் தேடி எடுங்கள். தமிழ்நாடு ஆவணக் காப்பகம் எழும்பூரில் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. லண்டனில் இந்திய ஆபீஸ் ஆவணங்கள் இருக்கின்றன. உங்களிடமே வரலாற்றுத் துறை இருக்கிறது, ஆய்வு மாணவர்கள் இருக்கிறார்கள். கிடைப்பதைத் தமிழில் பெயர்த்துப் பெரிதாக அச்சிட்டு, கட்டடக் கலைஞர் சிஷோம் கட்டிய செனட் ஹவுஸின் கூடத்தில் மாட்டுங்கள். 1879-ல் முடிந்த அந்தக் கட்டடத்தில் ஏறிவருகிறவர் கண்ணாடி ஜன்னலையும் தூணையும் பார்த்து வியப்பது இருக்கட்டும், பக்கத்தில் இதையும் வாசிக்கட்டும். கையெழுத்துப் பட்டியல் கிடைத்துவிட்டால் ஒரு பெயர் விடாமல் இணையத்தில் போடுங்கள்.

அடுத்தது, செனட் நடவடிக்கைகள். 1857 முதல் இன்றுவரை உள்ள குறிப்புகளும் காலண்டர் என்ற பெயரில் பல்கலைக்கழகம் வெளியிட்ட பழைய ஆண்டுப் புத்தகங்களும் கேள்வித்தாள்களும் யாரும் வீட்டிலிருந்தே படிக்கும்படி வர வேண்டும். திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் ஒரு முறை பழைய பல்கலைக்கழகக் காலண்டர் ஒன்று எனக்குக் கிடைத்தது. அட்டை போய்விட்டது, நூல் தொங்கிக்கொண்டிருந்தது. புரட்டும்போதே தாளின் ஓரம் பொரிப்பொரியாக உதிர்ந்தது. அன்று ராத்திரி அதிலிருந்த கேள்வித்தாள்களைப் படித்துக்கொண்டிருந்தபோது தாமோதரம்பிள்ளையின் ஏடுகள்தான் ஞாபகத்துக்கு வந்தன. ஓலைக்கு நேர்ந்ததைத் தாளுக்கும் நேரவிடக் கூடாது. 1924-ல் உங்கள் நூலகராக வந்த எஸ்.ஆர். ரங்கநாதன் உலகத்துக்குச் சொன்ன முதல் விதியே 'நூல்கள் பயன்படுத்துவதற்கே' என்பதுதான். உங்கள் வீட்டிலிருந்து புறப்பட்ட வாக்கு அது. இன்றைய கூட்டங்களில் நீங்கள் எடுக்கும் முடிவுகளும் எளிய தமிழில் வெளியே வரட்டும். கட்டண உயர்வு முதல் பாடத்திட்டம் வரை ஒவ்வொன்றும் எங்கள் பிள்ளைகளின் தலையில் வந்து விழுகிற விஷயம்.

பதிவுபெற்ற பட்டதாரிகள் தொகுதியைப் பற்றியும் ஒன்று. இப்படி ஒரு வாக்குரிமை உண்டு என்று நான் படித்த கல்லூரியில் ஒருவரும் சொன்னதில்லை. நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன். பட்டம் கொடுக்கிற அன்றே, அந்தச் சான்றிதழோடு சேர்த்து, பதிவு செய்வது எப்படி என்ற ஒரு தாளையும் கொடுங்கள். கிராமத்துக் கல்லூரியில் கடைசி வரிசையில் நிற்கும் பிள்ளைக்கும் அது போய்ச் சேர வேண்டும். கர்சன் காலத்துச் சந்து இன்னும் சந்தாகவே இருக்க வேண்டியதில்லை.

பின்பெஞ்சுப் பெண்ணிடம், "தேடிப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லியிருக்கிறேன். இந்த வருடம் அவள் பதினொன்றாம் வகுப்பு. பிளஸ் டூ முடித்து உங்களிடம் விண்ணப்பம் போடுவதற்குள் பதில் கிடைத்துவிட்டால், செப்டம்பர் 5 அன்று அவளையும் அந்த வகுப்பையும் கூட்டிக்கொண்டு சேப்பாக்கம் வருகிறேன். ரயில் டிக்கெட் என் செலவு.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவன்