பஞ்சிகாவத்தையில் சந்தித்த அந்த அண்ணாவுக்கு நன்றி

போன சனிக்கிழமை வெள்ளவத்தையில் காலி வீதியில் நல்ல மழை, அப்பாவின் 1996ஆம் ஆண்டுக் காரில் சாரதிப் பக்கக் கண்ணாடி டக் என்று கதவுக்குள் விழுந்துவிட்டது. பொலித்தீனும் டேப்பும் ஒட்டிக்கொண்டு ஒரு கராஜுக்குப் போனேன். கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் போய்விட்டது, அதோடு முழு செட்டும் மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள்.

அப்புறம் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய செட் தேடி அலைந்தபோதுதான் நீங்கள் பக்கத்தில் வந்து, "தம்பி, சுவிட்சை அமத்தினா சத்தம் வருதா?" என்று கேட்டீர்கள். வருகிறது என்றேன். அப்படியென்றால் மோட்டாருக்குப் பெரும்பாலும் ஒன்றும் இல்லை, கேபிளோ கண்ணாடியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்போதான் போயிருக்கும், சத்தமே வராவிட்டால்தான் முதலில் ஃபியூஸ், சுவிட்ச், வயர் எல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்த வெயிலிலேயே கதவின் உள் அட்டையைக் கழற்றினீர்கள். கிளிப்தான் இரண்டாக உடைந்திருந்தது! கதவுக்குள் கையை விடுவதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்ற வைத்ததும், கண்ணாடி ஏறி இறங்கும், காய்ந்து கிடந்த தண்டவாளத்துக்கு கிரீஸ் பூசியதும், உள்ளே மழைத்தண்ணீர் வராமல் உள் அட்டைக்குப் பின்னால் இருக்கும் பொலித்தீன் தாளைக் கிழியாமல் திரும்ப ஒட்டியதும் எனக்கு மறக்காது.

காசு வேண்டாம் என்று ஒரு பிளேன்டீயோடு போய்விட்டீர்கள், பெயர்கூடக் கேட்கவில்லை. கண்ணாடி இப்போது சத்தமில்லாமல் ஏறி இறங்குகிறது அண்ணா. அப்பாவுக்கும் பெரிய சந்தோஷம். மிக்க நன்றி.