உப்புத் தண்ணீருக்கு முன்னால் ஒரு நோட்டு

அன்புள்ள தங்கச்சிக்கு,

விடிகாலையில் பாத்ரூமுக்கு எழுந்த அப்பாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது, கதவைப் பிடித்தபடி சரிந்து உட்கார்ந்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். பிறகு பிரஷர் மெஷினில் பார்த்தால் 118/70. "நார்மல்தானே அண்ணா, அப்புறம் ஏன்?" என்று கேட்டிருக்கிறாய். உட்காரவைத்து, விசிறிவிட்டு, காபி கொடுத்து, எல்லாருடைய பதற்றமும் அடங்கிய பிறகு எடுத்த 118 அது. சரியும்போது எவ்வளவு இருந்தது என்று அது சொல்லாது.

படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். கழுத்து ரத்தக்குழாயில் இருக்கும் நரம்புகள் அதை மூளைக்குச் சொல்ல, இதயம் வேகம் பிடிக்கும், குழாய்கள் இறுகும். இளவயதில் இதெல்லாம் சில நொடியில் முடிந்துவிடும். எழுபது தாண்டினால் இந்த வேலை மந்தமாகிறது. பல வருஷச் சர்க்கரை நரம்பையும் கெடுத்திருந்தால் இன்னும் மோசம். படுத்தால் 150 இருக்கிற மனிதருக்கு நின்றால் 110 ஆகும். நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20, அல்லது கீழ் எண் 10 குறைந்தால் டாக்டர்கள் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்வார்கள். 90/60க்குக் கீழே போனால்தான் லோ பிரஷர் என்று அந்த எண்ணை மட்டும் பிடித்துத் தொங்கினால் இது கண்ணில் படாது. இதற்கு நேர்மாறாக, எப்போதும் 100/60 இருந்து, தலைசுற்றலோ சோர்வோ எதுவும் இல்லாத பாட்டிக்கு வைத்தியமே தேவைப்படாது.

ஆகவே முதலில் அளந்து பார். காலையில் மாத்திரை போடுவதற்கு முன், அவர் கட்டிலைவிட்டு இறங்கும் முன்னாலேயே ஆரம்பி. 5 நிமிடம் பேசாமல் படுத்திருக்கட்டும். படுத்தபடியே ஒரு முறை எடு. கையில் கட்டிய மெஷின் பட்டையைக் கழற்றாமல் நிற்கவை. 1 நிமிடத்தில் ஒன்று, 3 நிமிடத்தில் ஒன்று. பின்னால் ஒரு நாற்காலி, பக்கத்தில் ஓர் ஆள் கட்டாயம். நடுவில் தலை சுற்றினால் உடனே உட்காரவைத்துவிடு. மூன்றாவது நிமிடம் வரை பிடித்து நிறுத்தாதே. நோட்டில் எழுதுவது இப்படி இருக்கட்டும்: "காலை 6.10. படுக்கை 148/82, நாடி 70. நின்று 1 நிமிடம் 122/74, நாடி 73. 3 நிமிடம் 114/70, நாடி 74. கண் மங்கல்." மதியச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரத்தில் ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை. மூன்று நாள் போதும்.

இங்கே எல்லாரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. நிற்கும்போது கையைத் தொங்கவிட்டு எடுப்பார்கள். பட்டை நெஞ்சு மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே போனால் மெஷின் ஏழெட்டுப் புள்ளி கூடுதலாகக் காட்டும். இறங்கிய பிரஷர் இறங்காத மாதிரி தெரியும். அவர் கையை உன் தோளிலோ அலமாரித் தட்டிலோ நெஞ்சு உயரத்தில் தாங்கிக்கொள். பட்டையின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். அப்பா மெலிந்த கைக்காரர். பெரிய பட்டை கட்டினால் அளவு குறைத்துக் காட்டும், சின்னது கூட்டிக் காட்டும். கை சுற்றளவை டேப்பால் அளந்து, பட்டையில் அச்சடித்திருக்கும் செ.மீ. எண்ணோடு ஒப்பிட்டுப் பார்.

நாடியை எதற்கு எழுதச் சொல்கிறேன் என்றால், பிரஷர் 30 இறங்கியும் நாடி நாலைந்துதான் ஏறினால் நரம்புக் கோளாறைச் சந்தேகிக்கலாம். சர்க்கரை, பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் இரண்டிலும் இப்படி வரும். நாடி 105, 110 என்று எகிறினால் உடம்பில் தண்ணீரோ ரத்தமோ குறைந்திருக்கலாம். மெட்டோபுரோலால் மாதிரி நாடியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டால் மட்டும் இந்தக் கணக்கு சரிவராது.

அடுத்து மாத்திரை டப்பாவைக் கட்டிலில் கொட்டு. பெரும்பாலும் காரணம் அதற்குள்தான் இருக்கும். பிரஷர் மாத்திரை ஒரு டாக்டர், புரோஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் இன்னொருவர், கால் வீக்கத்துக்கு நீர் போகும் மாத்திரை மூன்றாமவர், கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின். நாலுமே பிரஷரை இறக்கக்கூடியவை. சர்க்கரைக்கு டாபாக்ளிஃப்ளோசின் சேர்த்திருந்தால் அது சிறுநீரில் சர்க்கரையோடு தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். பெட்டி மேலிருக்கும் பெயரைப் பார்க்காதே, அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படி. டெல்மிசார்ட்டன் என்ற ஒரே பிரஷர் மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் உள்ளே போய்க்கொண்டிருப்பது அபூர்வம் இல்லை. ஆனால் நீயாக எதையும் நிறுத்தாதே. மெட்டோபுரோலாலைச் சட்டென்று நிறுத்தினால் இதயம் படபடக்கும், நெஞ்சுவலிகூட வரலாம். ஆஸ்துமாவுக்கோ மூட்டுக்கோ மாசக்கணக்கில் சாப்பிட்ட ஸ்டீராய்டைத் திடீரென விட்டால் அதுவே பிரஷரைக் கவிழ்க்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த நாளில் மட்டும் காத்திருக்காமல் டாக்டருக்குப் போன் செய்து, நீர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் அன்றைக்கு வேண்டுமா என்று கேட்டுவிடு.

உப்புக்கு வருகிறேன். லோ பிரஷர் என்றதும் நம் வீடுகளில் ஊறுகாயும் உப்புக் கரைத்த தண்ணீரும் வந்துவிடும். படுத்தால் 148 இருக்கிறவருக்கு அது ராத்திரிப் பிரஷரை ஏற்றிவிடும். இதயம் பலவீனம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் கால் வீங்கி மூச்சு வாங்க ஆரம்பிக்கும். உப்பைக் கூட்டுவதை டாக்டர் சொல்லித்தான் செய்ய வேண்டும். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல் நல்லதுதான். ஆனால் 1 லிட்டருக்கான பாக்கெட்டைப் பாதி பிரித்து ஒரு டம்ளரில் கலக்காதே. அட்டையில் போட்ட அளவு தண்ணீர்தான்.

வெறும் தண்ணீருக்கு இருக்கும் மதிப்பு பலருக்குத் தெரியாது. காலையில் கட்டிலில் உட்கார்ந்தபடி இரண்டு டம்ளர், சுமார் 450 மில்லி, சில நிமிடத்துக்குள் குடித்துவிட்டுக் கால் மணி நேரம் பொறுத்து எழுந்தால், நரம்பு கெட்டவர்களுக்குப் பிரஷர் கொஞ்ச நேரம் தாங்கி நிற்கும். தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் இது வேண்டாம்.

எழுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒருக்களித்து, காலைத் தொங்கவிட்டு, கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம். அப்போது பாதத்தை மேலும் கீழும் முப்பது தடவை அசைத்து, முஷ்டியை இறுக்கி இறுக்கி விடட்டும். நின்ற பிறகு கட்டிலைப் பிடித்தபடி பத்து எண்ணிவிட்டு நடக்கட்டும். நடுவழியில் கிறுகிறுத்தால் காலைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்கலாம். முடியாவிட்டால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும், கூச்சம் பார்க்கக் கூடாது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குலத்துக்கு ஆடாத கட்டை வை. ராத்திரி சிறுநீர் குறையும், காலையில் எழும்போது பிரஷர் இறங்குவதும் குறையும். தலையணையை அடுக்கினால் கழுத்து மட்டும்தான் மடியும். காலுறை வாங்குவதானால் தொடை வரை வருவது, அல்லது வயிற்றுப் பட்டை. கணுக்கால் வரை இறுக்குவது காசுக்குக் கேடு. காலுக்கு ரத்த ஓட்டம் குறைவு என்று சொல்லியிருந்தால் கேட்காமல் போடாதே.

மதியம் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டால் ரத்தம் குடலுக்குத் திரும்பும். அடுத்த இரண்டு மணி நேரமும் பிரஷர் இறங்கியிருக்கலாம். சோற்றைக் குறைத்து மூன்று வேளையை ஐந்தாக்கு. சாப்பிட்ட கையோடு வெயிலில் கடைக்கு அனுப்பாதே. கொதிக்கக் கொதிக்க வெந்நீர்க் குளியலும் இதையேதான் செய்யும்.

மறுபடி சரிந்தால் தரையில் படுக்கவைத்துக் காலைத் தூக்கி வை. நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு. நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதே. சர்க்கரையைக் குத்திப் பார். 70க்குக் கீழே என்றால் விஷயமே வேறு, விழுங்க முடிந்தால் மூன்று ஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடு. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், காய்ச்சலோடு உளறல், தார் மாதிரி கறுப்பு மலம், ஒரு நிமிடம் கழித்தும் தெளியாத நினைவு: இதில் எது இருந்தாலும் 108. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குத்தான். மூட்டுவலி மாத்திரையை அப்பா சொல்லாமல் வாங்கிச் சாப்பிடுகிறாரா என்று கடைக்காரரிடம் கேட்டுப் பார், கறுப்பு மலத்துக்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம்.

மூன்று நாள் ஆனதும் நோட்டையும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு ஒரே டாக்டரிடம் காட்டு. பிரஷரை ஏற்ற மாத்திரை உண்டு. மிடோடிரின் எழுதினால் கடைசி வேளை படுப்பதற்கு 4 மணி நேரம் முன்னாலேயே முடிந்துவிட வேண்டும்.

அதுவரை ராத்திரி அப்பா உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று சொல். நீ சொன்னால் கேட்பார். பாத்ரூம் உள்தாழ்ப்பாளை இன்றைக்கே கழற்றிவிடு.

அன்புடன்,
அண்ணன்