ஸ்கவுட் சாருக்கு

அன்புள்ள சார்,

நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த மாதம் சாரண ஆசிரியர்களுக்கான பேசிக் கோர்ஸ், ஏழு நாள். முடித்துவிட்டு வந்ததும் எங்கள் பள்ளியின் சாரணர் படை என் பொறுப்பு. தலைமையாசிரியர் ஆறு வருடமாகக் கேட்கிறார். கழுத்து எலும்புத் தேய்மானம், தேர்தல் பணி, பத்தாம் வகுப்பு ரிசல்ட் என்று வருடத்துக்கு ஒரு சாக்கு சொல்லித் தப்பித்து வந்தேன். இந்த முறை கொடுத்த படிவத்தில் 'முன் அனுபவம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என்ன எழுதுவது என்று உட்கார்ந்ததில் வந்ததுதான் இந்தக் கடிதம்.

தபாலில் போட்டிருக்கலாம். நான்கு முறை எழுதிக் கிழித்தாயிற்று. எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதினால் பின்வாங்க முடியாது. நம் செட் ஆட்களும் படிப்பார்கள், அதனால் சில இடங்களில் மழுப்பத்தான் செய்வேன். உங்களுக்குப் புரியும். அவன் பெயரை எழுதமாட்டேன். அவனுக்கும் இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கலாம்.

1994 மே, ஏலகிரி.

முதல் நாள் ராத்திரி கேம்ப் ஃபயரில் பிரவுன்சீ கதை சொன்னீர்கள். வருடா வருடம் சொல்வதுதான். 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தில் ஒரு சின்னத் தீவு, இருபது பையன்கள், ஓநாய், காளை என்று நான்கு அணிகள். சாரணர் இயக்கத்தை ஆரம்பித்த பேடன் பவல் மான்கொம்பு ஊதி எழுப்புவதை இரண்டு கையையும் குவித்து ஊதிக் காட்டுவீர்கள். ஈட்டன் மாதிரிப் பெரிய இடத்துப் பையன்களும் தொழிலாளி வீட்டுப் பையன்களும் ஒன்றாகத் தங்கினார்கள் என்று சொல்லும்போது உங்கள் குரல் கொஞ்சம் கம்மும். எங்கள் கூடாரத்தைப் பார்த்துத்தான் சொல்வீர்கள். தோல் கிடங்கு முதலாளி மகனும் அதே கிடங்கில் தோல் ஊறவைக்கிறவர் மகனும் அதில் தலைமாடு கால்மாடாகப் படுத்திருந்தோம். ஒரே குண்டானில் பொங்கல். என்.சி.சி. பையன்களுக்குப் பூரி, நமக்கு வெறும் முடிச்சுதான் என்று யாரோ புலம்பினான், நீங்களும் சிரித்தீர்கள்.

பிறகு தடக்குறிகள். பெரிய கல்மேல் சின்னக் கல் என்றால் இதுதான் வழி. பெருக்கல் குறி என்றால் இந்தப் பக்கம் போகாதே. சதுரத்துக்குள் எண் இருந்தால் அத்தனை அடி தள்ளி ஏதோ ஒளித்து வைத்திருக்கிறது. கடைசியாக வட்டம், நடுவில் ஒரு புள்ளி: வீட்டுக்குப் போய்விட்டேன். கென்யாவில், நியேரியில், பேடன் பவல் கல்லறைமேல் அந்தக் குறிதான் செதுக்கியிருக்கிறது என்றீர்கள். ஆறாம் வகுப்புப் பொடியன்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "செத்துப் போனா வீட்டுக்குப் போறதாண்ணா?" என்று என்னிடம் கேட்டான். தூங்குடா என்றேன்.

மறுநாள் சுவாமிமலைப் பக்கம் தடம் போடும் வேலை என் அணிக்கு. கடைசியில் சதுரம், உள்ளே ஐந்து. ஐந்தடி தள்ளிப் பாறைக்கடியில் கடலை மிட்டாய்ப் பொட்டலம் வைக்கச் சொல்லிக் கொடுத்தனுப்பினீர்கள். சார், அந்தக் கடலை மிட்டாயை நாங்கள் தின்றுவிட்டோம். நாங்கள் என்ன, பிரித்தது நான்தான். சதுரம் போட வழியில்லை. தட்டையான பாறை ஒன்றின்மேல் கூழாங்கல் அடுக்கி வட்டம் போட்டு, நடுவில் ஒன்றை வைத்தேன். பொடியன்கள் ஏமாந்து திரும்பி வருவார்கள், சிரிக்கலாம் என்று.

அவன் மற்றவர்களை விட்டுவிட்டு முன்னால் ஓடிவந்திருக்கிறான். கண் கூர்மையானவன், உங்களுக்கே தெரியும். கல்லைப் பார்த்திருக்கிறான். எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், தன்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறான்.

இதுவரை நீங்களே ஊகித்திருப்பீர்கள். இனி எழுதுவது உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆறு மணிக்குத் தலை எண்ணும்போது ஒன்று குறைந்தது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. உங்களிடம் ஓடிவரவில்லை. அந்தப் பாறைக்குத்தான் ஓடினேன். கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பள்ளத்தில் எறிந்தேன். பதினேழு கல். திரும்பி வந்தபோது நீங்கள் புங்கனூர் ஏரிக்கரையில் தண்ணீருக்குள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சட்டைப் பித்தானை அவிழ்த்துவிட்டிருந்தீர்கள், குதிக்கத் தயாராக. நான் பின்னால் நின்றேன். அந்த நேரம் அவன் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றாக இருட்டில் இறங்கிக்கொண்டிருந்தான். மொத்தம் 14 வளைவு. போன வருடம் பிள்ளைகளோடு பஸ்ஸில் ஏறியபோது ஒவ்வொன்றாக எண்ணினேன். பாதியில் ஜன்னலை மூடிவிட்டேன்.

மலையடிவாரத்து டீக்கடையில் இருந்தான். கால் இரண்டும் வீங்கி, பொறையை டீயில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். "நான் தொலைஞ்சு போகலை சார், வீட்டுக்குத்தான் போறேன். கல்லுல போட்டிருந்துச்சே." கடைக்காரரிடம் தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கி அவன் பாதத்தில் தேய்த்தீர்கள். உங்கள் கை நடுங்கி எண்ணெய் உங்கள் ஸ்கார்ஃபில் கொட்டியது. பிறகு நிமிர்ந்து பெரிய பையன்கள் ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தீர்கள். என்னிடம் வந்தபோது உங்கள் பார்வை நிற்கவில்லை, தாண்டிப் போய்விட்டது.

ஏன் சார்?

ஒரு அறை விட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இல்லை, சொல்லியிருக்கமாட்டேன். ஆனாலும் கேட்டிருக்கலாம். மறுநாள் ஆள் அனுப்பித் தேடியும் கல் எதுவும் இல்லை என்றதும், வீட்டு நினைப்பில் ஓடிப்போய்விட்டுப் பொய் சொல்கிறான் என்று எல்லோரும் அவனைத்தான் சொன்னார்கள். நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. ஜூனில் அவன் வேறு பள்ளிக்குப் போய்விட்டான். உங்களுக்கு மெமோ வந்தது. அதற்குப் பிறகு நம் பள்ளியில் கேம்ப்பே இல்லை. நான் சாரணர்களுக்கான மாநில விருது, ராஜ்ய புரஸ்கார் வாங்கினேன். நற்சான்றில் 'நம்பிக்கைக்குரியவன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டீர்கள். அது பெருந்தன்மையா, தண்டனையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சில நாள் உங்கள்மேல் பயங்கரக் கோபம் வரும்.

இந்தக் கோர்ஸுக்காகப் படிக்க ஆரம்பித்ததில் வேறொரு கோபமும் சேர்ந்துகொண்டது. பிரவுன்சீயை அங்குலம் அங்குலமாகச் சொன்னீர்கள், அடையாறைச் சொல்லவே இல்லையே? 1909-ல் பெங்களூரில் சாரணர் இயக்கம் வந்தபோது அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியர்களுக்கும் மட்டும்தான். நம் பையன்களுக்கு இடமில்லை. 1917 வாக்கில் அன்னி பெசன்ட்டும் அவரோடு அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் இருந்த அருண்டேலும் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கம் ஆரம்பித்தார்கள். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. அதே 1917-ல்தான் ஹோம் ரூல் கிளர்ச்சிக்காக இரண்டு பேரையும் ஊட்டியில் காவலில் வைத்தது அரசாங்கம். 1921-ல் பேடன் பவல் இங்கே வந்த பிறகுதான் அந்தச் சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. நம்மைச் சேர்த்துக்கொள்ள அத்தனை வருடம். உங்கள் கழுத்தில் தொங்கிய, சாரண ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்குத் தரும் ஹிமாலய வுட் பேட்ஜின் இரண்டு மரமணி, தென்னாப்பிரிக்காவின் சூலு ராஜா கொடுத்த பரிசு என்பீர்கள். அந்த டினுசூலுவைப் பிடிக்கக் கிளம்பிய படையோடு போன இடத்தில் பேடன் பவல் கைக்கு வந்த மாலை அது. பரிசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அல்லது கேம்ப் ஃபயருக்குப் பொருந்தாது என்று விட்டிருக்கலாம். நானும் ஒன்றை விட்டவன்தான், உங்களைக் கேட்க எனக்கு என்ன இருக்கிறது.

அணித் தலைவன் முறைதான் இந்த இயக்கத்தின் உயிர், பையன்களைப் பையன்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பீர்கள். பிரவுன்சீயில் ஒவ்வொரு ராத்திரியும் ஒரு அணி தனியாகப் போய்க் காவல் இருந்ததாம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு வயது 15, சார். பசி. ஏழு பொடியன்களை என்னை நம்பி விட்டீர்கள். விட்டது தப்பு என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். என் வாழ்க்கையில் அதற்கு முன்போ பின்போ யாரும் என்னை அப்படி நம்பியதில்லை.

நான் என் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போவேன். அணித் தலைவர்களும் இருப்பார்கள். தடக்குறி போடும்போது மட்டும் பின்னாலேயே போவேன், அவர்களுக்குப் பிடிக்காவிட்டாலும். நீங்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

'முன் அனுபவம்' கட்டத்தில் 'ராஜ்ய புரஸ்கார், 1995' என்று மட்டும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி வாக்கில் வீட்டுக்கு வருகிறேன், உங்கள் மத்தியானத் தூக்கம் முடிந்த பிறகு. அம்மாவிடம் காபிக்குச் சொல்ல வேண்டாம். அந்த மெமோவுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்த பதிலின் நகல் வைத்திருப்பீர்கள், எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை நீங்கள். அதை மட்டும் தேடி எடுத்து வையுங்கள்.